ஷூவைக் கழற்றும்போது ஆரம்பிக்கிற இருமல்

கேள்வி: வயது 19. திருச்சிப் பக்கம். ஓட்டப்பந்தய ஸ்காலர்ஷிப்பில் மினசோட்டாவில் ஒரு கல்லூரியில் ஆகஸ்ட் மாதம் சேர்ந்தேன். பனியைப் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. நவம்பர் கடைசியிலிருந்து, டீமோடு வெளியே ஓடிவிட்டு லாக்கர் அறையில் ஷூவைக் கழற்றும்போது இருமல் ஆரம்பித்து அரை மணி நேரம் போட்டு உலுக்குகிறது, நெஞ்சும் இறுக்குகிறது. உள்ளரங்கில் ஓடினால் அவ்வளவாக இல்லை. விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து மரத்துப்போகின்றன. டீமில் ஒரு பெண் தன் இன்ஹேலரைக் கொடுத்தாள், அடித்ததும் கொஞ்சம் சரியானது. கோச்சிடம் சொல்லவில்லை, இடம் போய்விடுமோ என்று பயம். அம்மா சளி என்கிறார், சுக்கு காபி குடிக்கச் சொல்கிறார். எனக்கு ஆஸ்துமாவா டாக்டர்? பெயர் போட வேண்டாம்.

பதில்: பெயர் போடவில்லை. என் மகளைவிடச் சின்னவள் என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேனம்மா.

முதல் காரியம், அந்த இன்ஹேலரைத் திருப்பிக் கொடுத்துவிடு. அதில் இருப்பது அநேகமாக ஆல்பியூட்டரால், நம் ஊரில் ஆஸ்தாலின் என்று வாங்குகிறோமே அதே சால்பியூட்டமால்தான். நல்ல மருந்து. ஆனால் விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து விதிகளில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு, உன் பெயரில் மருந்துச்சீட்டு இல்லாமல் எடுத்து நாளைக்குச் சோதனையில் மாட்டினால் யாரும் உன் இருமலைக் கேட்க மாட்டார்கள். அதோடு, அடித்ததும் சரியானது என்பதை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று முடிவு கட்டவும் முடியாது. இந்த இருமல் சும்மா இருந்தாலே அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கும்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறாய், வேகமாக ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவையும் மூக்கு தாங்காது, வாய் வழியாகத்தான் போகும். மூக்குதான் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிற இடம், அதைத் தாண்டிப் போனால் பச்சைக் குளிர்காற்று நேரே மூச்சுக்குழாய்க்குள். மைனஸ் 15 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை கிராம் தண்ணீர்தான் தேறும், நுரையீரலுக்குள் போய்ச் சேரும்போது அது 44 கிராமாக இருக்க வேண்டும். மிச்சத்தை யார் கொடுப்பது? குழாயின் உட்சுவர்தான். அது காய்ந்து, அங்கே உப்புச் செறிவு ஏறி, சில செல்கள் எரிச்சலூட்டும் பொருட்களை வெளியே கொட்ட, சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. ஓடி நிறுத்திய ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இது உச்சத்துக்கு வரும். நீ ஷூவைக் கழற்றுகிற நேரம் அதுதான். நீ எழுதியதிலேயே எனக்கு அதிகம் துப்புக் கொடுத்த வரி அது.

உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் என்று இதற்குப் பெயர். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் வரும், பனிச்சறுக்கு வீரர்களிடம் ரொம்பச் சகஜம். ஆனால் சின்ன வயதில் வீசிங் இருந்ததா, ராத்திரி மூன்று மணிக்கு இருமி எழுகிறாயா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கதை கொஞ்சம் மாறும். இன்னொன்று, இறுக்கம் தொண்டையில், மூச்சை உள்ளே இழுக்கும்போது, ஓட்டத்தின் நடுவிலேயே வந்து நின்றவுடன் போய்விடுகிறது என்றால் அது குரல்வளை செய்கிற வேலை. அதற்கு இன்ஹேலர் உதவாது, மூச்சுப் பயிற்சிதான்.

சரி, யாரிடம் போவது? கோச்சிடம் சொல்ல பயம் என்கிறாய். அமெரிக்கக் கல்லூரி டீம்களில் ‘அத்லெட்டிக் ட்ரெய்னர்’ என்று ஒருவர் இருப்பார். நம் ஊரில் ட்ரெய்னர் என்றால் பயிற்சி கொடுப்பவர் என்று நினைப்போம், அங்கே அவர் உங்கள் உடம்பைப் பார்ப்பதற்கென்றே படித்தவர். அவரிடம் போ. டீம் டாக்டரிடம் அனுப்புவார், ஓடவிட்டு ஊதச் சொல்லி, முதல் விநாடியில் ஊதும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறதா என்று பார்ப்பார்கள். கதகதப்பான அறையில் சோதித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதனால் வெளியே ஓடினால்தான் வருகிறது என்பதை அழுத்திச் சொல்லிவிடு. மருந்து கொடுத்தால் ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் அடிக்கச் சொல்வார்கள். தினமும் தேவைப்படுகிறது என்றால் அதையே அடித்துக்கொண்டிருக்கக் கூடாது, பலன் குறைந்துவிடும், வேறு மருந்து சேர்க்க வேண்டும்.

அதுவரை வாயையும் மூக்கையும் மூடி ஒரு பஃப், அதாவது கழுத்து வழியாக மாட்டி முகத்துக்கு ஏற்றிவிடும் குழாய் மாதிரித் துணி, கட்டிக்கொண்டு ஓடு, விடுகிற மூச்சின் ஈரம் அதிலேயே தங்கி அடுத்த மூச்சுக்கு உதவும். வார்ம்-அப்பைப் பத்து பதினைந்து நிமிடம் உள்ளேயே, நடுவில் சில குட்டி ஸ்பிரின்ட்களோடு முடித்துவிடு, பலருக்கு அதன் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் குழாய் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. மூச்சு வாங்கிப் பேச்சே வராமல் போனால், உதடு நீலமானால், நேரே அவசர சிகிச்சைக்குத்தான்.

விரல்களுக்கு வருவோம். வெளுத்து, பிறகு நீலமாகி, சூடேறும்போது சிவந்து குத்துகிறதா? அப்படியென்றால் அது ரேனாட், குளிரில் விரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்வது, இளம்பெண்களிடம் அதிகம், பெரும்பாலும் ஆபத்தில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வை. ஹீட்டரில் நேரே காட்டாதே, மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். தேய்க்கவும் கூடாது. சூடேறியும் வெளுப்பு போகவில்லை, மெழுகு மாதிரி கெட்டியாக இருக்கிறது என்றால் அது உறைபுண், அன்றைக்கே டாக்டர். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்திருக்கும் தோல் அரை மணி நேரத்தில் உறையும். தேங்காய் எண்ணெய் பூசினால் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, உன் அறை ஜன்னலோரம் வைத்தால் அந்த எண்ணெயே பாட்டிலில் உறைந்துவிடும். நான் அமெரிக்காவில் பஃபலோ நகரில் கழித்த முதல் குளிர்காலத்தில் பருத்தி பனியனுக்கு மேல் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன், வேர்வையில் நனைந்த பனியனோடு இருபது நிமிடம் நின்று பல் கிட்டிப்போனது. உடம்போடு ஒட்டுகிற துணி மட்டும் பருத்தியாக வேண்டாம்.

சுக்கு காபியைத் தாராளமாகக் குடி, தொண்டைக்கு இதம், குளிரில் தாகமும் சரியாகத் தெரியாது. ஆனால் ஊரிலிருந்து வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் அனுப்பியிருந்தால் பரிசோதிக்காமல் வாரா வாரம் கரைத்துக் குடிக்காதே. நம் நிறத்துக்கு அந்த ஊர்க் குளிர்கால வெயில் பத்தாது என்பது உண்மைதான், ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டு எடுக்கலாம். அப்படியே ஃபெரிட்டினும், அதாவது உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதும், பார்க்கச் சொல்.

மாதவிடாய் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை நீ. ஆகஸ்டுக்குப் பிறகு அது நின்றிருந்தால், மூன்று மாதம் வரவில்லை என்றால், புது ஊர், குளிர், அதனால்தான் என்று விட்டுவிடாதே. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு பத்தவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், அடுத்தது எலும்பில் விரிசல்தான். ட்ரெய்னர் அறைக்குப் போகும்போது இருமலோடு அதையும் சொல்லிவிடு.