தண்ணீர் போனால் மருந்தும் போகுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் முக்கால் ஏக்கரில் பண்ணைக்குட்டை. ஜிலேபி மீனுக்குப் புண் வந்தபோது தீவனக்காரர் சொல்லி ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைப் பத்து நாள் தீவனத்தில் கலந்து போட்டேன். இப்போது தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டுப் புதுக் குஞ்சு விடப் போகிறேன். ‘தண்ணி போனா மருந்தும் தென்பெண்ணையோட கடலுக்குப் போயிடும்’ என்கிறார். சரிதானா?

பதில்: தண்ணீர்தான் போகும். மருந்தில் பெரும்பகுதி உங்கள் குட்டைச் சேற்றில்தான் இருக்கிறது.

நோய் கண்ட மீன் சரியாக இரை எடுக்காது. தின்னாத தீவனம் அடியில் படியும். தின்றதிலும் நிறைய கழிவோடு அங்கேயே சேரும். இந்த மருந்து களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும் ரகம். வெயில் படும் நீரில் சீக்கிரம் சிதையும். காற்றில்லாத சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷத்தை முறிக்கும் பாக்டீரியாவும், காற்றுப் படும் மேல் சேற்றில் வாழ்கிறது. அது அடங்கிப்போனால் புதுக் குஞ்சு இரை எடுக்காமல் ஓரம் ஒதுங்கும். அப்போது தீவனக்காரர் அடுத்த பொட்டலத்தோடு வருவார்.

கடல் விஷயத்தில் அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. கடல்நீரின் மெக்னீசியமும் கால்சியமும் இந்த மருந்தைப் பிடித்து வீரியத்தைக் குறைத்துவிடும். ஆனால் பிடித்து வைப்பது வேறு, அழிப்பது வேறு. கதவு பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? நார்வேயில் சால்மன் கூண்டுகளுக்கு அடியில் மண்ணெடுத்துப் பார்த்தவர்கள், மாதங்கள் கழித்தும் இதே மருந்தைக் கண்டார்கள், அதைத் தாங்கும் பாக்டீரியாவையும் கண்டார்கள். கொல்லாத அளவு மருந்துதான் தாங்கும் பாக்டீரியாவை வளர்த்துவிடும். அந்தக் குணத்தை அது வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றும். அதோடு, உங்கள் ஓடை நேரே கடலூருக்கா போகிறது? நடுவில் சாத்தனூர் அணை இருக்கிறது.

போன மாதம் ஒருவர் கொண்டுவந்த பொட்டலத்தில் மஞ்சள் தூள், மேலே மீன் படம், ஒரு போன் நம்பர். தயாரித்தவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ‘புரோபயாடிக்’, அதாவது நல்ல பாக்டீரியா, என்று எழுதியிருந்தது! அளவு கேட்டால் மூட்டைக்கு ஒரு கைப்பிடியாம். கால்நடைக்கும் மீனுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கூடாது என்று 2019-லேயே தடை போட்டாயிற்று. பெயரே இல்லாத பொட்டலத்தில் எந்தத் தடையைத் தேடுவது?

சேற்றைப் பரிசோதிக்கலாமே என்பீர்கள். ஒரு மாதிரியைச் சுமந்துகொண்டு நானே மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். மண் பிரிவில் ‘இது மீன் விஷயம்’ என்றார்கள். மீன் பிரிவில் ‘இது மண்ணாச்சே’ என்றார்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

தண்ணீரை ஓடையில் திறக்காமல் தோப்புக்குப் பாய்ச்சுங்கள். அடி வெடிப்பு விடும்வரை காயட்டும். ஒரு உழவு ஓட்டி, மறுபடி காயவிட்டு, சுண்ணாம்பு போட்டு நீர் நிரப்புங்கள். அம்மோனியா அளக்கும் கிட்டில் பார்த்த பிறகே குஞ்சு விடுங்கள். மறுபடி புண் வந்தால் பாரூர் மீன்வள மையத்துக்கு உயிர் மீனோடு போங்கள், செத்ததை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சேற்றை அள்ளினால் கீரைப் பாத்தியில் கொட்ட வேண்டாம். சாணம், இலைதழையோடு குவித்து, சூடேறி ஆறிய பின் மாமரத்துக்கு வையுங்கள்.