'என் பைபிளில் அந்த வசனம் இருக்கிறது, அவள் பைபிளில் இல்லையே!'

வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

ஐயா, எங்கள் வீட்டுப் பழைய பைபிளில் 1 யோவான் 5:7-ல் 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே' என்று இருக்கிறது. என் கல்லூரித் தோழி கத்தோலிக்கப் பெண். அவள் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் அதே இடத்தில் இந்த வரியைக் காணோம். யார் எடுத்தது? ஒரு வரியை எடுத்துவிடலாம் என்றால் மீதியை எதை வைத்து நம்புவது?
– வாசகி, பாளையங்கோட்டை

யாரும் எடுக்கவில்லை அம்மா, யாரோ சேர்த்தது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. லத்தீன் பிரதிகளில் தலைகாட்டி, வெகு காலம் கழித்துத்தான் கிரேக்கத்துக்குள் வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை. ஏன் விட்டாய் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொள்ள, 1522 பதிப்பில் சேர்த்துவிட்டார். அந்த வழிப் பதிப்புகளை வைத்துத்தான் ஆங்கிலத்தில் 1611 மொழிபெயர்ப்பும், தமிழில் 1871-ல் முழுமையாக வந்த, நாம் ஆலயத்தில் வாசிக்கிற மொழிபெயர்ப்பும் செய்யப்பட்டன. உங்கள் தோழியிடம் இருப்பது 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பாக இருக்கும். அதைச் செய்தவர்கள் பழைய பிரதிகளைப் பார்த்து அந்த வரியை விட்டார்கள். அப்படியானால் திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற போதனை, போச்சா என்று பயப்பட வேண்டாம். நாலாம் நூற்றாண்டில் அதற்காக மல்லுக்கட்டிய கிரேக்கச் சபைப் பிதாக்கள் இந்த வரியை எடுத்துக் காட்டவே இல்லை, அது அவர்கள் கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுங்கள் என்கிற மத்தேயு 28:19 அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

எதை வைத்து நம்புவது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். என் சின்ன வயதில் எங்கள் சபையில் கீர்த்தனைப் புத்தகம் ஆளுக்கொன்று கிடையாது, நோட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். என் நோட்டில் ஒரு சரணத்தில் இரண்டு வரி விட்டுப்போயிருந்தது, நாலு பேர் நோட்டைப் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு நோட்டு மட்டும் இருந்திருந்தால் அந்தத் தப்பு கடைசிவரை தப்பென்றே தெரிந்திருக்காது. வேதாகமப் பிரதிகள் விஷயமும் இதேதான். 1947-ல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டெடுத்த சுருள்களில் ஏசாயா புத்தகம் முழுவதும் உண்டு. ஏழு மீட்டருக்கும் மேல் நீளம், பதினேழு தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது, கிறிஸ்துவுக்கு முன்னே எழுதியது. அதுவரை நம் கையில் இருந்த முழு எபிரெயப் பிரதிகளைவிட ஆயிரம் வருஷம் பழையது. எழுத்து வித்தியாசங்கள் நிறைய இருந்தாலும் நாம் வாசிக்கிற அதே ஏசாயாதான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஏசாயா 40:7-லும் 8-லும் 'புல் உலர்ந்து, பூ உதிரும்' என்று இரண்டு தடவை வருமல்லவா? எழுதினவர் முதல் தடவையில் இருந்த கண்ணை இரண்டாவதற்குத் தாவவிட்டு, இடையில் உள்ளதை எழுதாமலே போய்விட்டார். பிறகு வேறொரு கை வந்து, விட்டுப்போனதை வரிக்கு மேலேயும் ஓரத்திலும் நெருக்கி நெருக்கி எழுதி வைத்திருக்கிறது. எந்த வசனத்தில் என்று பாருங்கள்: 'நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்.' இதைப் படித்துவிட்டு ஒருவர் நமட்டுச் சிரிப்பு சிரிக்கலாம். எனக்கு என்னவோ அந்த இரண்டாவது ஆளின் மேல்தான் பிரியம். ஓரத்தில் இடம் இல்லாவிட்டாலும் விடவில்லை பாருங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' மார்ச் மாதம் வேலை போய்விட்டது. இப்போது அந்த அட்டையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. வசனம் பொய்யா, என் விசுவாசம் பொய்யா?
– வாசகர், தூத்துக்குடி

இரண்டும் இல்லை தம்பி. அட்டை கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். அதில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது, அது, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதின ஒரு கடிதத்தின் நடுவில் இருந்து பிய்த்தெடுத்த வரி. இன்று ராத்திரி 28-ஆம் அதிகாரத்தையும் 29-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எல்லார் முன்னிலையிலும் எடுத்து உடைக்கிறான். ஜனங்களுக்கு அவனைத்தான் பிடித்திருக்கும், நமக்கும் அப்படித்தானே. எரேமியா என்ன எழுதுகிறார்? எழுபது வருஷம் ஆகும், அதனால் பாபிலோனிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். அதற்கு அப்புறம் வருகிற வசனம்தான் உங்கள் அட்டையில் இருப்பது. அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள், கணக்குப் போட்டால் தெரியும். அவர்களைப் பார்த்துத்தான் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்லப்பட்டது. வேலை போகாது என்று அந்த வசனம் உங்களுக்குச் சொல்லவே இல்லை. போன பிறகும் உங்களைப் பற்றிய நினைவு தேவனுக்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறது.

பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று பரீட்சை அட்டையில் எழுதி வைக்கிறோம், அதற்கு முந்தின வசனத்தில் பவுல் பட்டினி கிடக்கவும் பழகியிருக்கிறேன் என்கிறார், அதுவும் கட்டப்பட்ட நிலையில் இருந்துகொண்டு. அதை யாரும் அட்டையில் அடிப்பதில்லை. புதிய ஏற்பாட்டில் நாம் பார்க்கிற வசன எண்கள்கூட 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. பவுல் எண் போட்டு எழுதவில்லை, நிருபம் என்றாலே கடிதம்தானே, உங்களுக்கு வந்த கடிதத்தில் நடுவில் ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைப்பீர்களா?

அட்டையைக் கிழிக்க வேண்டாம். எரிச்சலைத் தேவனிடமே சொல்லுங்கள், சங்கீதம் 88 அப்படிப்பட்ட ஜெபம்தான், கடைசிவரைக்கும் விடியவே விடியாது அதில். அப்புறம், வேலைக்கு விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

ஆலயத்தில் செல்போனில் பைபிள் வாசித்தால் என் மாமியார் திட்டுகிறார்கள். தவறா?
– வாசகி, மதுரை

தவறில்லை. சுருளில் இருந்து புத்தகத்துக்கு மாறினபோதும் யாராவது ஒரு மாமியார் திட்டித்தான் இருப்பார். ஆனால் பிரசங்கத்தின் நடுவில் வாட்ஸ்அப் பார்க்காமல் இருக்க முடிகிறதா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் திட்டுவதில் பாதி அதற்காகத்தான் இருக்கும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் கேட்கிறான்: எரிகோவில் குணமானது ஒரு குருடனா, இரண்டு பேரா? மத்தேயுவில் இரண்டு, மாற்குவில் ஒன்று. பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

முதலில் பையனைத் தட்டிக்கொடுங்கள், ஒழுங்காக வாசித்திருக்கிறான். லூக்காவையும் காட்டுங்கள், அங்கே இயேசு எரிகோவுக்கு வருகிற வழியில் நடக்கிறது, மாற்குவில் எரிகோவை விட்டுப் போகிறபோது. பழைய எரிகோ, புது எரிகோ என்று இரண்டு இருந்தன, ஒன்றை விட்டு மற்றதற்குப் போகும் வழியில் நடந்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அது முழுத் திருப்தி இல்லை. இரண்டு பேரில் பர்திமேயு என்பவனைச் சபையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அதனால் மாற்கு அவனை மட்டும் பெயர் சொல்லி எழுதினார் என்பது கொஞ்சம் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் பையனுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நாலு சுவிசேஷங்களையும் ஒன்றாகத் தைத்து, முட்டல் மோதல் இல்லாத ஒரே கதையாக ஆக்கிக் கொடுத்தார். சீரியச் சபைகளில் அதை வெகு காலம் ஆராதனையில் வாசித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரட் என்ற பிஷப் தன் ஆளுகைக்குட்பட்ட சபைகளில் இருந்து இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைச் சேகரித்து ஒதுக்கிவிட்டு, நாலு சுவிசேஷங்களையும் தனித்தனியாகத் திருப்பிக் கொடுத்தார். சபைக்கு அந்த வித்தியாசங்கள் தெரியாமல் இல்லை. வழவழவென்று ஒன்று கையில் இருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலு பேரும் ஒரே மாதிரி ஒப்பித்தால் சொல்லிக்கொடுத்து வைத்தார்கள் என்று சந்தேகப்படுவதும் நாம்தானே.

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறேன். லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. குற்ற உணர்வாக இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

நாம் வாசிக்கிற பைபிளில் மொத்தம் 1189 அதிகாரம். வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வருஷத்தில் முடியும், இது ஓய்வுநாள் பள்ளிக் கணக்கு. அந்த வேகத்தில் போனால் ஜனவரி கடைசியில் சரியாக லேவியராகமம் வந்து நிற்கும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, கூட்டிப் பாருங்கள். உங்களைப்போல எத்தனை பேர் அங்கே வண்டியை நிறுத்தியிருக்கிறார்களோ!

ஒரு வருஷம் கணக்கை விடுங்கள். மாற்குவை ஒரே மூச்சில், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வாய்விட்டு வாசியுங்கள். வாய்விட்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து வாசித்ததைப் பிலிப்பு காதால் கேட்கிறார், கேட்டதனால்தான் போய்ப் பேச முடிந்தது. அந்த மந்திரி வாசித்தது ஏசாயா, 'உனக்குப் புரிகிறதா' என்று கேட்டதற்கு, ஒருவர் சொல்லித்தராவிட்டால் எப்படிப் புரியும் என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். நாம் அதைச் சொல்லத்தான் வெட்கப்படுகிறோம். சபையில் யாரையாவது ஒருத்தரைப் பிடியுங்கள், வாரத்துக்கு ஒரு நாள், டீ போட்டுவைத்துக்கொண்டு சேர்ந்து வாசியுங்கள்.

லேவியராகமத்தைக் கடைசிவரை தள்ளிவைக்கவும் வேண்டாம். 19-ஆம் அதிகாரத்தை மட்டும் முதலில் பிரியுங்கள். வயல் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு, கூலிக்காரன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே, செவிடனைத் திட்டாதே, உன்னைப்போல் பிறனை நேசி, எல்லாம் அங்கேதான் இருக்கிறது, நீங்கள் பதினொன்றிலோ பன்னிரண்டிலோ மூடிவைத்துவிடுகிறீர்கள். 13, 14 இரண்டும் தோல் வியாதி பற்றி நீளமாகப் போகும். அதை வேகமாகத் தாண்டினால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.