பழைய ஹிப்-ஹாப் பீட்களில் அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

சாம்ப்ளர் என்பது இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு ஒலியைப் பிடித்துவைத்து, பொத்தானைத் தட்டினால் திரும்ப ஒலிக்கும் பெட்டி. 1987-இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரில் மொத்தமே சுமார் 10 விநாடி ஒலிதான் அடங்கும். அதனால் நியூயார்க் பீட் கலைஞர்கள், நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்தார்கள். அதே இசை குறைந்த நேரத்தில் அடங்கிவிடும், சரி. அப்புறம் பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்து, பழைய சுருதிக்கு இறக்குவார்கள். அப்படி இழுத்து நீட்டும்போது ஒலியின் நுணுக்கம் குறைந்து கரகரப்பு ஏறும். பட்டுப்புடவையைச் சின்னப் பெட்டியில் திணித்து எடுத்தால் மடிப்புக்கோடு நிற்குமே, அதுபோல. எனக்கு அந்தக் கோடுதான் அழகு.

பலர் நினைப்பதுபோல இது தட்டின் கீறல் சத்தம் மட்டுமல்ல. கீறலே இல்லாத புதுத் தட்டிலிருந்து எடுத்தாலும் வரும்.