உலக மினிமம் டாக்ஸ் 15% நமக்கும் வருமா? துபாய்ல கம்பெனி போட்டு பில் பண்ணுனா வரி மிச்சமாகுமா?

பல்லடத்துல பனியன் கம்பெனி, பார்ட்னர்ஷிப், வருசம் 30 கோடி டர்ன்ஓவர்னு சொல்லியிருக்கீங்க. உலகம் பூரா கம்பெனிகளுக்கு 15% வரின்னு பேசறாங்களே அது நம்ம மேலயும் விழுமா, துபாய்ல ஒண்ண ஆரம்பிச்சு அது வழியா பில் போட்டுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் திருப்பூர்ல என்ற மாமாவோட எக்ஸ்போர்ட் கம்பெனியில 16 வருசமா கணக்கு பாக்கறேனுங்க. துபாய் விசயத்துல நாங்களே இறங்கி அடிபட்டுட்டோம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மொதல்ல அந்த 15%. அது உங்களுக்கு இல்லைங்க. 2021 அக்டோபர்ல 130க்கும் மேல நாடுக சேந்து ஒத்துக்கிட்ட ஏற்பாடு அது, பல நாட்டுல கம்பெனி வெச்சிருக்கற குரூப்போட வருச வருமானம் 75 கோடி யூரோவைத் தாண்டுனாத்தான் பிடிக்கும். நம்ம பணத்துல ஏழாயிரம் கோடிக்கும் மேல. அதுவும் போக இங்க கம்பெனிக்கு ஏற்கெனவே 25% போல கட்டறோம், 15% பத்தி நாம பயப்பட ஒண்ணுமில்ல. அமெரிக்கா 2025 ஜனவரியிலயே இது எங்களை கட்டுப்படுத்தாதுன்னு சொல்லி ஒதுங்கிருச்சு. ஆனா ஐரோப்பாவுல 2024ல இருந்து நடக்குது, வியட்நாம் அதே வருசம், சிங்கப்பூர், ஹாங்காங், துபாய் எல்லாம் 2025 ஜனவரியில இருந்து பெரிய குரூப்புக்கு 15% வாங்குறாங்க. நம்மகிட்ட சரக்கு வாங்குற வெளிநாட்டு பையருங்க ஹாங்காங்ல பையிங் ஆபீஸ் வெச்சு லாபத்தை அங்க காட்டறதுல முன்ன மாதிரி ஆதாயம் இல்ல, அதனால நாளைக்கு உங்களுக்கு பிஓ (ஆர்டர் பேப்பர்) வர்ற கம்பெனி பேரு, நாடு மாறிப் போச்சுன்னா ஆச்சரியப்படாதீங்க. அக்ரிமெண்டையும் பேமெண்ட் வர்ற அக்கவுண்டையும் மட்டும் நல்லா சரிபாத்துக்கோங்க.

இனி துபாய். 2018ல மாமாகிட்ட ஒருத்தர் வந்து ஃப்ரீசோன் (வெளிநாட்டுக்காரங்களுக்கு சலுகையோட ஒதுக்குன தொழில் பகுதி) லைசென்ஸ், ஒரு டேபிள், ஒரு விசா, வரியே கிடையாதுன்னு சொன்னாருங்க. அப்போ அங்க கம்பெனி வரி நெசமாவே இல்ல. நாங்களும் போட்டோம். இங்கிருந்து டி-சர்ட்டை 2.10 டாலர்னு துபாய்க்கு பில், அங்கிருந்து ஜெர்மனி பையருக்கு 2.45, சரக்கு தூத்துக்குடியில இருந்து நேரா ஹாம்பர்க் போயிரும், துபாயை கண்ணுல கூட பாக்காது. ரெண்டு வருசம் நல்லாத்தான் ஓடுச்சு, அப்பறம் டிரான்ஸ்ஃபர் பிரைசிங்ல, அதாவது நம்ம சொந்தக் கம்பெனிகளுக்குள்ள போட்ட பில் விலை நியாயமானதான்னு பாக்கற விதியில, வருமான வரிக்காரங்க நோட்டீஸ் வந்துச்சு.

கேட்ட கேள்விக எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்குதுங்க. அந்த ஆர்டரைப் பிடிச்சது யாரு, சாம்பிள் எங்க போட்டீங்க, விலை பேசுன மெயில் எங்கிருந்து போச்சு, சரக்கு ரிஜெக்ட் ஆனா கிளெய்ம் யாரு தலையில, துபாய்ல சம்பளத்துக்கு எத்தனை பேரு. எல்லாத்துக்கும் பதில் திருப்பூருதான். பையர்கிட்ட ஆர்டர் விசயம் பேசற மெர்ச்சண்டைசர் புள்ளைக ராத்திரி 9 மணி வரைக்கும் உக்காந்து அனுப்புன மெயில் பூராவும் நம்ம ஆபீஸ்ல இருந்து போனது. அப்பறம் அந்த 35 சென்ட் லாபம் துபாய்க்கு சேரோணும்னு எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்றது? பெரும்பகுதியை இங்க சேத்து வரி போட்டாங்க, வட்டியோட கட்டுனோம், ஆடிட்டர் செலவு தனி. எனக்கு அப்போ கோபம் வந்துச்சு, ஆனா யோசிச்சுப் பாத்தா அவங்க கேட்டது நியாயந்தான், வேலை செஞ்ச எடத்துலதான லாபம் இருக்கோணும்.

உங்க டர்ன்ஓவர் 50 கோடிக்குள்ள இருக்கறதால, வெளிநாட்டுக் கம்பெனிய இங்கிருந்தே நடத்தறீங்க அதனால அது இந்தியக் கம்பெனிதான்னு சொல்ற விதி வராதுன்னு யாராவது சொல்லுவாங்க. அந்த 50 கோடி பாக்கறது துபாய் கம்பெனியோட டர்ன்ஓவருக்குங்க, அதுக்குள்ள இருந்தா வராதுங்கறது சரிதான். ஆனா டிரான்ஸ்ஃபர் பிரைசிங்குக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. ஒரு ரூவாய்க்கு பில் போட்டாலும் ஆடிட்டர் அதுக்குன்னு தனி ரிப்போர்ட் குடுத்தாகோணும், விட்டா ஒரு லட்சம் வரைக்கும் கட்டோணும். இப்ப துபாய்லயும் 2023 ஜூன்ல இருந்து 3,75,000 திர்ஹாமுக்கு மேல லாபத்துக்கு 9% வந்தாச்சு, ஃப்ரீசோன்ல ஜீரோ வேணும்னா வருமானம் அவங்க பட்டியல்ல வரோணும், அங்க நெசமா ஆளும் ஆபீஸும் செலவும் இருக்கோணும்.

இன்னொண்ணு. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு கூடுதல் டூட்டிய 50% ஆக்குனப்ப ஊரே கலங்கிப் போச்சு, கூலிக்கு தைச்சுக் குடுக்கற பவர் டேபிள்காரங்க வரைக்கும் வேலை இல்லாம நின்னாங்க. அப்போ துபாய் பில் போட்டா துபாய் டூட்டிதான் வரும்னு ஒரு பேச்சு நெம்பவே சுத்துச்சு. அது தப்புங்க. கஸ்டம்ஸ்காரன் இன்வாய்ஸ் எந்த நாட்டுதுன்னு பாக்கறதில்ல, துணி எங்க தைச்சதுன்னு பாக்கறான். திருப்பூர்ல தைச்சது எந்த ஊரு பேப்பர்ல போனாலும் இந்திய சரக்குதான். மாத்திக் காட்டுனா மோசடி, மாட்டுனா பையரும் போயிருவாரு.

நெசமா வரி மிச்சம் பண்ணோணும்னா எனக்குத் தெரிஞ்ச வழி வேற, நம்ம ஊருலயே இருக்கு. பார்ட்னர்ஷிப்புக்கு 30%, லாபம் ஒரு கோடி தாண்டுனா வரி மேல போடற சர்சார்ஜ், செஸ் சேத்து 34.94%. ப்ரைவேட் லிமிடெட் ஆக்கி மத்த வரிச் சலுகைகள விட்டுக்குடுத்து 22% ரேட்டை எடுத்தா எல்லாம் சேத்து 25.17%. ரெண்டு கோடி லாபம்னு வெச்சுக்கோங்க, வரி 70 லட்சத்துல இருந்து 50 லட்சத்துக்கு எறங்குது. ஒரு சிக்கல் இருக்கு, கம்பெனியில இருந்து லாபத்தை டிவிடெண்டா வீட்டுக்கு எடுத்தா உங்க கையில மறுபடி வரி, பார்ட்னர்ஷிப்ல அது கிடையாது. அதனால லாபத்தை மிசின், ஷெட்டுன்னு தொழிலுக்குள்ளயே போடறவங்களுக்குத்தான் இது ஒத்து வரும். மாத்தறப்ப கேப்பிடல் கெயின்ஸ் (சொத்து கைமாறுற லாபத்து மேல வர்ற வரி) வராம இருக்க, சொத்து கடன் எல்லாம் அப்படியே கம்பெனிக்கு வரோணும், பார்ட்னருங்க கையில கம்பெனியோட பாதி ஓட்டுரிமையாவது 5 வருசம் இருக்கோணும், இன்னும் ஒண்ணு ரெண்டு கண்டிசன் இருக்கு.

நாங்க 2022ல அப்படி மாத்துனோம், துபாய் லைசென்ஸையும் அதோட விட்டுட்டோம். நீங்க ஏஜெண்ட்கிட்ட அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால, போன மூணு வருசத்துல பார்ட்னருங்க ஒவ்வொருத்தரும் எவ்வளவு வீட்டுக்கு எடுத்தீங்கன்னு ஒரு தாள்ல எழுதி ஆடிட்டர்கிட்ட குடுங்க, ரெண்டு விதத்துலயும் வரியை அவரு போட்டுக் காட்டட்டும். கணக்குல ஏதாவது புரியலைன்னா இங்கயே கேளுங்க, எனக்குத் தெரிஞ்சதை சொல்றேனுங்க.