கட்டடம் கேளுங்கள்: சுவிஸ் மலையில் ஒரு கல் வேலை

கேள்வி: ஆர்க்கிடெக்சர் படிக்கும் என் மகள் எப்போது பார்த்தாலும் பீட்டர் சூம்தோர் புராணம்தான் பாடுகிறாள். யார் இவர்? நாங்கள் கட்டப்போகும் சின்ன வீட்டுக்கு இவரிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?
- வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் மகள் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள் அம்மா. சூம்தோர் ஒரு கட்டடக் கலைஞர். 1943-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தவர். அப்பா மரச்சாமான் செய்யும் தச்சர்; இவரும் முதலில் கற்றது அந்தத் தொழிலையே. அப்புறம் வடிவமைப்புப் படிப்பு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசு வேலை. 1979-ல் ஹால்டன்ஸ்டைன் கிராமத்தில் சொந்த அலுவலகம் தொடங்கினார். 2009-ல் கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு. கட்டியவை குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஆற அமரச் செய்த வேலை.

சுவிட்சர்லாந்தின் வால்ஸ் ஊரில் இவர் கட்டி 1996-ல் திறந்த வெந்நீர்க் குளியலகத்தைப் பாருங்கள். மலைச்சரிவில் பாதி புதைந்து, கூரையில் புல் வளர்ந்து நிற்கும். கல் அதே பள்ளத்தாக்கின் குவார்ட்சைட் என்ற கடினமான பாறை. பலகைகளை 31, 47, 63 மில்லிமீட்டர் என மூன்றே கனத்தில் அறுத்தார்கள். மூன்றையும் எந்த வரிசையில் அடுக்கினாலும், இடையில் விடும் கலவையோடு சேர்த்து உயரம் 15 சென்டிமீட்டர். அதனால் சுவரில் வரிகள் மாறி மாறி ஓடும். படிக்கட்டுக்கும் வாசலுக்கும் வரும்போது மட்டம் பிசகாது. கொத்தனாரின் கையை அறிந்தவருக்கே இது தோன்றும்.

சேர்வராயன் மலையிலோ காலடியிலேயே சார்னோகைட், நாம் சொல்லும் கருங்கல். அதை விட்டு எங்கிருந்தோ வந்த மெல்லிய கல்லைச் சுவரில் ஒட்டும் விடுதிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் நம் கல் வால்ஸ் கல் போல மெல்லிய பலகையாகப் பிளக்காது. அதை அறுக்கச் செலவு செய்யாதீர்கள். அஸ்திவாரம் தோண்டும்போது வரும் கல்லை விற்றுவிடாமல், கனம் வாரியாகப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தேறுகிறது என்று தெரிந்த பிறகு பிளான் போடலாம். மகள் கொத்தனார் பக்கத்திலேயே நிற்கட்டும்.

கேள்வி: மலை மழைக்கு மரச்சுவர் தாங்குமா?
- வாசகர், சேலம்

பதில்: தாங்க வைக்கலாம். சுவிட்சர்லாந்தின் சும்விட்க் கிராமத்தில் 1984-ல் பனிச்சரிவு பழைய தேவாலயத்தை அழித்தது. 1988-ல் சூம்தோர் கட்டிய புதியதற்கு வெளிப்புறமெல்லாம் சின்னச் சின்ன மரச்சில்லுகள், ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். தண்ணீர் வழிந்து ஓடிவிடும். நமக்குக் கரையானும் உண்டு. எனவே கருங்கல் அடிச்சுவரை முழங்கால் உயரத்துக்காவது எழுப்பி, அதற்கு மேல் மரத்தை நிறுத்துங்கள். கூரையை நன்றாக வெளியே இழுத்து விடுங்கள்.