கடிகாரம் தந்த வெற்றி நியாயமானதா?

கேள்வி: மயிலாப்பூரில் நடந்த ஒரு பிளிட்ஸ் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பேரனுடன் பார்த்தேன். ஆளுக்கு 5 நிமிடம். நகர்த்தலுக்குக் கூடுதல் விநாடி கிடையாது. இருவரும் தேர்ந்த ஆட்டக்காரர்கள். ஒருவரிடம் ராஜாவுடன் யானையும் இரண்டு சிப்பாய்களும் இருந்தன. மற்றவரிடம் ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும் மட்டுமே. ஆயினும் முன்னவரின் நேரம் தீர்ந்ததால் அவர் தோற்றதாக நடுவர் அறிவித்தார். இது நியாயமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்னை

பதில்: நடுவரின் தீர்ப்பு விதிப்படி சரியானதே. நேரம் தீர்ந்தவர் தோற்றவராகிறார். எதிராளியால் எந்த வழியிலும் செக்மேட் செய்யவே இயலாது என்னும் நிலையில் மட்டும் ஆட்டம் சமனாகிறது. நீங்கள் பார்த்த ஆட்டத்தில், கடைசி வரிசையை எட்டி ராணியாக மாறக்கூடிய அந்த ஒற்றைச் சிப்பாய்தான் முடிவைத் தீர்மானித்தது. யானையைப் பலிகொடுத்தாவது அதை வெட்டியிருந்தால் எதிரே வெறும் ராஜா மட்டுமே நின்றிருக்கும். நேரம் தீர்ந்தாலும் அரைப் புள்ளி கிடைத்திருக்கும்.

எனினும் உங்கள் மனவருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. உலக பிளிட்ஸ் சாம்பியன் போட்டியில் ஆளுக்கு 3 நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடியும் தருகிறார்கள். 60 நகர்த்தல்களுக்குக் கணக்கிட்டால் இரண்டு முறையிலும் மொத்தம் 300 விநாடிதான்; ஆனால் அந்த முறையில், நேரம் மிகக் குறைந்த பின்னும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி வந்துகொண்டே இருப்பதால், யானை அதிகமுள்ளவர் பதறாமல் வென்றுவிடுவார். நம் ஊர்ப் போட்டிகளிலும் இம்முறையையே கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்காக, தோற்றவர் ஏமாற்றப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். நடு ஆட்டத்தில் நெடுநேரம் சிந்தித்து நல்ல நிலையை அடைந்தவர், அதற்கான விலையைக் கடைசியில் கொடுக்கிறார். தேர்ந்தவர்கள் பழகிய தொடக்க நகர்த்தல்களை நொடியில் ஆடி நேரத்தைச் சேமித்து, மிகச் சிறந்த நகர்த்தலைத் தேடாமல் பிழையற்ற ஒன்றோடு நிறைவடைகிறார்கள். இந்த வேகம் இளமைக்கு மட்டுமே உரியது என்றும் எண்ண வேண்டாம்: சிறுவயதில் சென்னையின் தால் சதுரங்கக் கழகத்தில் ஆடி, வேகத்துக்குப் பெயர்பெற்ற விஸ்வநாதன் ஆனந்த், 2017இல் ரியாத்தில் உலக ரேபிட் (பிளிட்ஸைவிடச் சற்று நீண்ட விரைவு ஆட்டம்) பட்டத்தையும் பிளிட்ஸில் வெண்கலத்தையும் வென்றபோது அவருக்கு வயது 48.

அந்த இறுதி நிலை நினைவிருந்தால் பேரனைப் பலகையில் அடுக்கச் சொல்லுங்கள். யானையைக் கொடுத்து அந்தச் சிப்பாயை எடுக்க வழி இருந்ததா என்று இருவரும் நிதானமாகத் தேடிப் பாருங்கள்.