கடையில் ‘நாளையிலிருந்து வராதே’ என்றால் எதிர்த்துக் கேட்க முடியுமா?

சேலத்தில் ஜவுளிக்கடை விற்பனைப் பிரிவில் 4 வருஷம் வேலை பார்த்தவரை, ஒரு தாளும் தராமல் வாயாலேயே நிறுத்திவிட்டார்கள், என்ன செய்வது என்பது கேள்வி.

தாராளமாக எதிர்க்கலாம். உங்களுக்குப் பொருந்துவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. (நின்றுகொண்டே விற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் திருத்தினார்களே, அதே சட்டம்தான்.) தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமல் நீக்கக் கூடாது என்கிறது பிரிவு 41. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி நிரூபித்திருக்க வேண்டும்.

தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் மனு போடுங்கள். நாள் கடந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும்.

இப்படி வாயால் நிறுத்தும் இடத்தில் முதலாளி பிறகு சொல்வது ஒன்றுதான்: “நாங்க எங்கே நிறுத்தினோம், அவராத்தான் வரலை.” அதனால் இன்றே, ‘இந்தத் தேதியில் வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, இப்போதும் வரத் தயார்’ என்று நாலு வரி எழுதி, முதலாளிக்கு ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். என் அத்தை மகன் வழக்கில், அங்கே வேலை பார்த்ததைக் காட்ட, லீவு கேட்டு மேனேஜருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) அட்டையும்தான் கைகொடுத்தன.

அப்புறம், ‘கணக்கு முடிக்கணும், ஒரு கையெழுத்துப் போடு’ என்பார்கள். முழுக்கப் படிக்காமல் போடாதீர்கள். பெரும்பாலும் அது ராஜினாமா கடிதமாக இருக்கும்.